வெல்டு வைத்தவன் ஏற வேண்டும்

போன ஆயுத பூஜைக்குப் பட்டறையிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். வேலையை விட்டு வந்த பிறகும் என்னை மறக்காமல் கூப்பிடுகிறார்கள். நானும் போய்ப் பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு, நிற்கிற வண்டிகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வருவேன். இந்த முறை கேட்டுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு போர்டு மாட்டியிருந்தது. சோதனை ஓட்டத்தின்போது டிரைவரைத் தவிர வேறு யாரும் வண்டியில் ஏறக் கூடாது என்று எழுதியிருந்தது. இன்ஷூரன்ஸ்காரர்கள் சொல்லி வைத்ததாம்.

இப்போது அங்கே வெல்டிங் பார்க்கிற பிள்ளைகள் என்னைச் சுற்றிக்கொண்டார்கள்.

“அங்கிள், அந்தக் காலத்துல வெல்டு வெச்சவங்களையே லோடு லாரில ஏத்தி உட்டுடுவாங்களாமே, நெசமா?”

“நெசந்தான்.”

“என்ன, தண்டனையா?”

சிரித்துவிட்டு வந்துவிட்டேன். பதில் சட்டென்று வரவில்லை. எனக்கு எதுவுமே சட்டென்று வராது. பஸ்ஸில் வரும்போதும் யோசித்தேன், வீட்டுக்கு வந்தும் யோசித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றவன் எழுதுவது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடத்தை விட்டதற்கு வீட்டு நிலைமை ஒரு காரணம். தா.பழூர்ப் பக்கம் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். இன்னொரு காரணத்தை யாரிடமும் சொன்னதில்லை. பரீட்சை வருகிறது என்றாலே எனக்குப் பயம். வெல்டிங்கில் பரீட்சை இல்லை என்று நம்பித்தான் அரியலூருக்கு வந்தேன். பெரம்பலூர் ரோட்டில், சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர் லாரிகளைப் பழுது பார்க்கும் பட்டறை அது. முதலில் வெல்டின் மேல் படிகிற கசடைத் தட்டினேன், பிறகு ராடு எடுத்துக் கொடுத்தேன், ஒரு நாள் ஹோல்டரைக் கையில் கொடுத்தார்கள். நான் தொழில் கற்ற கதை அவ்வளவுதான்.

பரீட்சை இல்லை என்று நினைத்தது தப்பு. அங்கே ஃபோர்மேன் கரீம் பாய். அவர் அதட்டிப் பேசி நான் கேட்டதே இல்லை. வெள்ளைக் கைலி, முழங்கை வரை மடித்த சட்டை, காதில் ஒரு சாக்பீஸ். வேலை முடிந்தது என்று நாம் போய்ச் சொன்னால், வந்து வெல்டைப் பார்க்க மாட்டார், நம் முகத்தைத்தான் பார்ப்பார். “முடிஞ்சுதா தம்பி?” என்பார். “முடிஞ்சுது பாய்.” “அப்ப ஏறு.”

உடைந்த சேஸை, அதாவது லாரியின் அடிச்சட்டத்தை, வெல்டு வைத்துச் சேர்த்தவன், அந்த லாரி கல் ஏற்றிக்கொண்டு போகிற முதல் நடையில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போக வேண்டும். அதுதான் பட்டறைச் சட்டம். எழுதி மாட்டவில்லை, யாரும் மீறியதுமில்லை. முதல் தடவை ஏறினபோது, பள்ளத்தில் இறங்கி ஏறும் ஒவ்வொரு குலுக்கலுக்கும் பின்னாலிருந்து ஏதோ முறிகிற மாதிரி எனக்குக் கேட்டது. டிரைவர் அவர் பாட்டுக்குப் பாக்குப் போட்டுக்கொண்டு வந்தார். இறங்கினபோது என் சட்டையைப் பிழிந்தால் ஒரு டம்ளர் வேர்வை வந்திருக்கும்.

அன்றிலிருந்து எனக்குப் பட்டறையில் பேர் ‘டவுட்டு’. வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப்புக்கு வந்தவன் கேஸை மூடினோமா என்று திரும்பிப் போய்ப் பார்க்கிற ஆள் நான். என் மனைவி வசந்தா, “கேஸையும் கையோட தூக்கிக்கிட்டுப் போயிடுங்களேன்” என்பாள். அப்படிப்பட்டவனுக்குச் சேஸ் வெல்டிங் வாய்த்தால் என்ன ஆகும்? கரீம் பாய் சொல்லிக் கொடுத்த சுண்ணாம்பு டெஸ்ட்டைப் பிடித்துக்கொண்டேன். வெல்டைக் கம்பி பிரஷ்ஷால் பளிச்சென்று தேய்க்க வேண்டும். மண்ணெண்ணெயைத் துணியில் தோய்த்து ஒற்றி, ஊற விட வேண்டும். பிறகு பொட்டு ஈரம் இல்லாமல் துடைத்துவிட்டு, மேலே சுண்ணாம்புக் கரைசலைப் பூசிக் காய விட வேண்டும். மயிரிழை அளவு வெடிப்பு இருந்தாலும் உள்ளே போன மண்ணெண்ணெய் வெளியே கசிந்து வெள்ளையில் ஒரு கறுப்புக் கோடு போடும். மற்றவர்கள் பெரிய வேலைக்கு மட்டும் செய்வார்கள். நான் மட்கார்டுக்குக்கூடச் செய்வேன்.

கொளஞ்சி அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பட்டறைக்கு வரும் டிப்பர்களில் ஒன்றை ஓட்டியவர். ஆண்டிமடத்துக்காரர். என் வெல்டை நம்பி லோடு அடித்தவர்களில் முதல் ஆள். நான் முதல் நடை போனதே அவர் லாரியில்தான். பாக்குப் போட்டுக்கொண்டு வந்த டிரைவர் அவர்தான். சர்க்கரை வியாதி அவருக்கு. இடது பாதத்தில் ஒரு புண் வந்து, ஆறாமல், கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். செயற்கைக் கால் வைத்து நடந்தார். ஆனால் கிளட்ச் மிதிக்கிற கால் அது. எவ்வளவு அழுத்துகிறோம் என்று கட்டைக்குத் தெரியாது. லாரி கையை விட்டுப் போனது.

ஒரு நாள் அவர் மனைவி அஞ்சலை அண்ணி பட்டறைக்கு வந்தார். ஜெயங்கொண்டத்தில் ஒரு கடையில் லாரித் தார்ப்பாயும் சீட் கவரும் தைப்பவர்.

“தம்பி, ஃபேனு சுத்தறதப் பாத்துக்கிட்டே படுத்திருக்காரு. சோறு வெச்சா திங்கறாரு. ரோட்டுல லாரி போனா இந்த வலது கை மட்டும் ஹாரன் அடிக்குற மாதிரி அசையுது. எனக்குப் பயமா இருக்கு. ஏதாச்சும் ஒரு ஸ்டீரிங் முன்னாடி அவர உக்கார வையுங்க. ஓட்டாட்டியும் பரவால்ல.”

நானும், எங்கள் பட்டறையில் தகடு தட்டுகிற டிங்கர் ராசுவும் அவரைப் பார்க்கப் போனோம். மூன்று சக்கர ஸ்கூட்டர் ஒன்று ஏற்பாடு செய்யலாம் என்று ஆரம்பித்தேன். அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். ராசுதான் கேட்டான்: “பின்ன என்னதாண்ணே வேணும்?”

சுவரைப் பார்த்தபடியே சொன்னார்.

“பெரம்பலூர்க்கிட்ட ஹைவேஸ்ல போறப்ப, மெட்ராஸ்லேருந்து தட்டையா காரு வரும் பாரு. சர்ருன்னு தாண்டிடும். இத்தினி வருசமா அவனுங்க கூரையத்தான்டா பாத்திருக்கேன். ஒரே ஒரு தடவ கீழ உக்காந்து, லாரி டயர அண்ணாந்து பாத்துக்கிட்டே தாண்டணும்.”

வெளியே வந்ததும் ராசு, “நாமளே அப்படி ஒரு காரு செஞ்சிடலாமா?” என்றான். அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதில் எனக்கே புரியவில்லை. வேண்டாம் என்பதற்கு வரிசையாகப் பதினைந்து காரணம் வாயில் இருந்தது. ஆனால் “கிளட்ச் கைக்கு வந்துடணும்” என்று சொன்னேன்.

பட்டறை முதலாளி ஒரு மூலையை விட்டுக் கொடுத்தார். இனி ஓடாது என்று கண்டம் ஆன ஒரு சின்னக் காரின் எஞ்சின், கியர் பாக்ஸ், ஸ்டீரிங் கிடைத்தது. கிளட்ச்சுக்கு மோட்டார் பைக் மாதிரி ஒரு பிடியைக் கியர் கம்பியிலேயே வைத்து, கேபிள் இழுத்துக் கொடுத்தார் எதிர்க்கடை டூவீலர் மெக்கானிக். பழைய லாரி கேபின் தகட்டை ராசு தட்டித் தட்டி உடம்பு செய்தான். அவனுக்கு எப்படியோ அந்த வளைவு கைவந்தது. தகட்டைத் தட்டும்போது வாயால் சர்ர் என்று சத்தம் போடுவான். ரெக்சின் சீட் இரண்டையும் அஞ்சலை அண்ணி தைத்தார். அடியில் கிடக்கும் சட்டம் என் வேலை.

நாங்கள் எல்லாரும் லாரிக்காரர்கள். அதுதான் வினையாகப் போனது. காலி லாரி உயரமாக நிற்கும். கல் ஏற்றினதும் அடியில் ஸ்பிரிங்காக இருக்கும் கமான் பட்டை வளைந்து உட்காரும். அந்தக் கணக்கு எங்கள் ரத்தத்தில் ஊறியிருந்தது. காரைச் சக்கரத்தில் இறக்கியபோது அது ஆடு மாதிரி எம்பி நின்றது. யாரும் பதறவில்லை. “லோடு ஏறினா உக்காந்துடும்” என்றான் ராசு. நானும் தலையாட்டினேன். எல்லாவற்றுக்கும் சந்தேகப்படுகிற நான் அதற்கு மட்டும் சந்தேகப்படவில்லை. கமான் பட்டையை நாங்கள் போட்டதும் லாரிக்குப் போடும் தாராளத்தில்தான்.

அண்ணனைக் கூட்டிவந்தோம். ஏற முடியவில்லை. இரண்டு பேர் தூக்கி வைத்தோம். உட்கார்ந்தார், ஸ்டீரிங்கைப் பிடித்தார், பக்கத்தில் நின்ற முதலாளியின் காரைத் திரும்பிப் பார்த்தார்.

“கூரை தெரியுதுடா” என்றார்.

ராசு அவசரமாக இரண்டு சிமெண்டு மூட்டையைப் பின்னால் தூக்கி வைத்தான். கார் அசையவில்லை. இன்னும் இரண்டு. அசையவில்லை.

“லோடுக்கு நா எங்கடா போறது? ஒரு ஆளும் ஒரு கட்டக்காலும். இது சின்ன லாரிடா, லாரி.” சிரிக்கிற மாதிரிதான் சொன்னார். அண்ணி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அந்த வாரம் முழுக்க அண்ணன் பட்டறைப் பக்கம் வரவில்லை. மறுபடியும் ஃபேனைப் பார்த்துப் படுத்துவிட்டார் என்று தெரிந்தது. அவர் எழுந்து வந்ததே பெரிய விஷயம். இன்னொரு தடவை ஏமாற்றினால் எழ மாட்டார்.

பட்டைகளைக் கழற்றினோம். சட்டத்தை அறுத்துக் கீழே இறக்கினோம். சீட்டைத் தரைக்குக் கொண்டுவந்தோம். அப்படிக் கொண்டுவந்தபோதுதான் ஸ்டீரிங் எட்டாமல் போனது. ஸ்டீரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட் ஒரு சாண் குறைந்தது. திருச்சிப் பழைய சாமான் கடைகளில் எல்லாம் தேடினேன். அந்த நீளத்துக்கு ஒரே துண்டாக எதுவும் பொருந்தவில்லை. அறுத்து, நடுவில் ஒட்டுப் போட வேண்டும்.

கரீம் பாய் அதுவரை எங்கள் காரில் தலையிட்டதே இல்லை. அன்று வந்து, ஷாஃப்டைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார்.

“ஸ்டீரிங்குல வெல்டு வெக்கக் கூடாதுன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லுவேன், ஞாபகம் இருக்கா?”

“இருக்கு பாய். வேண்டாம், உட்டுடலாம்.”

“உட்டுட்டு அவருகிட்ட யாரு போயி சொல்றது? நீ சொல்றியா?”

அவர் காதிலிருந்து சாக்பீஸை எடுத்தார்.

அவர் சொன்ன முறையை அப்படியே எழுதுகிறேன், யாருக்காவது உதவும் என்பதற்காக அல்ல, யாரும் இதைச் செய்யாமல் இருந்தால்தான் நல்லது. இரண்டு முனையையும் நேருக்கு நேர் வைத்துச் சும்மா ஒட்டக் கூடாது. இரண்டும் இறுக்கமாக நுழையும் அளவுக்குக் கனமான ஒரு குழாயை லேத்தில் கடைந்து செய்து, அதற்குள் இரு பக்கமும் ஷாஃப்டை ஏற்ற வேண்டும். குழாயின் இரண்டு ஓரத்திலும் சுற்றி வெல்டு. அதோடு குழாயில் துளை போட்டு, துளை வழியாகவும் உள்ளே வெல்டு. ஒன்று விட்டால் இன்னொன்று பிடிக்கும். வைத்த பிறகு தண்ணீர் காட்டக் கூடாது, சாம்பலில் புதைத்துத் தானாக ஆற விட வேண்டும்.

ஆறினதும் சுண்ணாம்பு பூசினேன். எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டேன். வெள்ளை காய்ந்தது. குழாயின் ஒரு ஓரத்தில், எறும்பு நடந்தது போல ஒரு கறுப்பு. ராசு குனிந்து பார்த்து, “எண்ணெய்ப் பிசுக்குடா டவுட்டு” என்றான். நான் கிரைண்டரை எடுத்து அந்த ஓரத்தை முழுக்க வழித்துவிட்டு, மறுபடி வைத்தேன். சாம்பல், மண்ணெண்ணெய், சுண்ணாம்பு. கோடு வரவில்லை.

கோடு வராததும் எனக்குப் பயம் அதிகமாயிற்று. வந்திருந்தால் எங்கே வலுவில்லை என்று தெரியும். வராவிட்டால்? சுண்ணாம்பு தடிமனாக விழுந்துவிட்டதோ, மண்ணெண்ணெய் ஊறவில்லையோ? மறுபடி கிரைண்டரைக் கையில் எடுத்தேன். கரீம் பாய் என் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் என்னைத் தொட்டது அதுவே முதல் தடவை.

“இன்னொரு சூடு காட்டினா இரும்பு கெட்டுப்போயிடும் தம்பி. வேலைக்கு வெல்டு வெய். பயத்துக்கு வெக்காத.”

பிறகு ஷாஃப்டின் மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, குழாயின் மேலாக, நேராகச் சாக்பீஸ் கோடு ஒன்று இழுத்தார். ஒரு முனையை மேஜையில் இருந்த வைஸ் பிடியில் இறுக்கி, மறுமுனையில் நீளமான பைப்பை மாட்டி, என்னையும் ராசுவையும் அதில் தொங்கச் சொன்னார். தொங்கினோம். பைப் வளைந்தது. ஒட்டு நழுவினால் சாக்பீஸ் கோடு முறிந்து விலகும். விலகவில்லை. “போதும், இறங்குங்க” என்றார். நான் கொஞ்சம் கூடுதலாகவே தொங்கினேன்.

ரோட்டில் ஓட்டக் கூடாது என்பதில் நான் கறாராக இருந்தேன். ரிஜிஸ்டர் இல்லாத வண்டி; போலீஸ், கேஸ், இன்னும் என்னென்னவோ தூக்கத்தில் வந்துபோயின. முதலாளிக்குச் சொந்தமாக, கல் எடுத்து முடிந்து மூடிக்கிடந்த ஒரு பள்ளம் இருந்தது. அதைச் சுற்றி லாரி போன பாதை அகலமாகவே இருந்தது. பள்ளத்தில் மழைத் தண்ணீர் பச்சையாக நின்றது. போய்ப் பார்த்துவிட்டு வந்து, பட்டறையில் கிடந்த பழைய டயரையெல்லாம் ஏற்றிக்கொண்டு போய் அந்த ஓரம் முழுக்க அடுக்கினேன். ராசு, “தண்ணியையும் இறைச்சுடுவமா?” என்று கேட்டான்.

ஓட்டிப் பார்க்கிற அன்று காலை எல்லாரும் அங்கே வந்திருந்தார்கள். கார் தரையோடு தரையாக, சிவப்பாக, இடுப்பு உயரத்துக்கு நின்றது. கொளஞ்சி அண்ணன் ஊன்றுகோலை என்னிடம் கொடுத்துவிட்டு, தானாகவே சரிந்து உள்ளே இறங்கினார். யாரும் தூக்கவில்லை. ஸ்டீரிங்குக்கு மேலாக அவர் கண் மட்டும் தெரிந்தது. அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

கரீம் பாய் என்னைப் பார்த்தார். “ஸ்டீரிங் வெல்டு யாரு?”

“நான்தான் பாய்.”

“முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது.”

“அப்ப ஏறு.”

ஏறினேன். அண்ணன் கியர் கம்பியில் இருந்த பிடியை அழுத்தி, விட்டார். கார் ஒரு குதி குதித்து நின்றுபோனது. மறுபடி. இந்த முறை நகர்ந்தது. முதல் வளைவு வருகிறவரை ஸ்டீரிங்குக்குக் கீழே இருட்டில் இருந்த அந்தக் குழாயைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். அண்ணன் சக்கரத்தை ஒடித்தார். திரும்பியது.

ராசு செய்து வைத்திருந்த ஏற்பாடு எனக்குத் தெரியாது. இரண்டாவது சுற்றில் எங்களுக்கு முன்னால் ஒரு டிப்பர் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. கொளஞ்சி அண்ணன் ஓட்டிக்கொண்டிருந்த அதே பழைய டிப்பர். ராசு கேபினிலிருந்து கையை நீட்டி, தாண்டு என்று காட்டினான். அண்ணன் ஹாரன் அடித்தார். வலது பக்கம் வாங்கினார். டயர் எங்கள் தலைக்கு மேலே சுவர் மாதிரி எழுந்து சுற்றியது.

“பாருடா” என்றார் அண்ணன். “எம்மாம் பெருசு பாருடா. இத வெச்சுக்கிட்டா ஊரெல்லாம் சுத்துனேன்.”

நான் டயரைப் பார்க்கவில்லை. டயருக்குப் பின்னால், லாரிக்கு அடியில், சேஸ் தெரிந்தது. அதில் நான் முதன்முதலில் வைத்த வெல்டு. ஓடுகிற லாரியில் அதைக் கீழிருந்து நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. மேலேதானே உட்கார்ந்து போவேன். அது அதன் பாட்டுக்குக் குலுங்கிக்கொண்டு, மண்ணும் கிரீஸும் அப்பி, பிடித்துக்கொண்டு போனது. நான் வேர்த்த எல்லா நாளிலும் அது அங்கே அப்படித்தான் இருந்திருக்கிறது.

தாண்டினோம். காரைக் கொண்டுவந்து நிறுத்தியபோது அண்ணன் கன்னம் நனைந்திருந்தது. தூசி என்றார்.

இதோடு என் கதை முடிந்திருந்தால் அந்தப் பிள்ளைகளுக்கு அன்றைக்கே பதில் சொல்லியிருப்பேன். அஞ்சலை அண்ணி காருக்குப் பக்கத்தில் வந்தார்.

“வேல பாத்தவங்க ஏறணும்னு உங்க பட்டறையில சட்டமாமே. சீட்டு தெச்சது நானு. எறங்குங்க தம்பி.”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. “அண்ணி, இன்னிக்கு வேண்டாம். இன்னொரு தடவ செக் பண்ணிட்டு...”

“நீங்க செக் பண்ணி முடிக்கறதுக்குள்ள எனக்கு வயசாயிடும்.”

இரண்டே சீட். இறங்கினேன். அண்ணி புடவையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். கார் போனது. வளைவில் திரும்பி, கல் எடுத்தபோது கொட்டின மண்மேட்டுக்குப் பின்னால் மறைந்தது. அங்கேதான் தண்ணீர் பக்கத்தில் வரும். சத்தம் மட்டும் வந்தது. அதுவும் தேய்ந்தது. ஏறி உட்கார்ந்து போகும்போது, போனால் என் உயிரும்தானே போகும் என்று ஒரு கணக்கு இருந்தது. கீழே நின்றபோது அந்தக் கணக்கு இல்லை. என் கால் தானாக மேட்டைப் பார்த்து ஓட ஆரம்பித்தது. கரீம் பாய் பின்னாலிருந்து தோளைப் பிடித்தார்.

“நில்லு. நீ போயி என்ன பண்ணப் போற? உன் வெல்டுதான் கூடப் போயிருக்கே.”

நின்றேன். அவர் கை தோளிலேயே இருந்தது. அவர் கண்ணும் அந்த மேட்டை விட்டு நகரவில்லை. இத்தனை வருடமும் எங்களையெல்லாம் லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, கேட்டுப் பக்கத்தில் அவர் நின்றுகொண்டிருப்பார். அது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

மேட்டுக்குப் பின்னால் கியர் மாறுகிற சத்தம் கேட்டது. கூடவே அண்ணியின் குரல்: “மெதுவா போய்யா, மனுசா.” பிறகு காரின் சிவப்பு மூக்கு தெரிந்தது.

கொளஞ்சி அண்ணன் பிற்பாடு முறைப்படி மாற்றியமைத்த ஒரு காருக்கு லைசென்ஸ் வாங்கி, இன்று ஜெயங்கொண்டத்தில் வாடகைக்கு ஓட்டுகிறார். சிவப்புக் கார் ஆண்டிமடத்தில் அவர் மச்சான் முந்திரித் தோப்பில் நிற்கிறது. நினைத்தால் தோப்புக்குள் ஒரு சுற்று ஓட்டுவார். ஒவ்வொரு பொங்கலுக்கும் போய் அந்த ஷாஃப்டுக்கு நான் சுண்ணாம்பு பூசிப் பார்த்துவிட்டு வருகிறேன். கோடு வரவில்லை.

தண்டனையா என்று கேட்டீர்கள், பிள்ளைகளே. இல்லை. ஏற விட்டது எங்களுக்குக் கொடுத்த சலுகை. இப்போது போர்டு மாட்டிவிட்டார்கள். அதுதான் சரியும்கூட, ஒரு உயிருக்குப் பதில் இரண்டு உயிரை எதற்கு அனுப்ப வேண்டும்? ஆனால் இனிமேல் உங்களுக்குக் கேட்டுப் பக்கத்தில் நிற்கிற வேலை. வண்டி திரும்பி வருகிறவரை டீ குடிக்கப் போகாதீர்கள்.